அறுபது மணி நேரத் தொண்டு

கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கிற நம்மவர் வீடுகளில் இப்போது தவறாமல் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "நாலாவது வருஷம் படிக்கணுமா, மூணோட நிறுத்திக்கலாமா?" கோவிலில் பிரகாரம் சுற்றும்போதும் இதே பேச்சு, கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் இதே பேச்சு. என் வீட்டிலும் இந்த விவாதம் ஒரு வருடத்திற்கு மேல் நடந்தது. அதில் நான் கட்சி மாறியவன். ஏன் மாறினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தில்லிப் பல்கலைக்கழகம் நான்காண்டுப் பட்டப்படிப்பை 2013-ல் ஒரு முறை கொண்டுவந்து, 2014-லேயே கைவிட்டது. பிறகு 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 2022-ல் அது மறுபடியும் வந்தது. மூன்று ஆண்டுகள் முடித்தால் ஆனர்ஸ் பட்டம். நான்காம் ஆண்டும் தங்கி ஆய்வேடு எழுதினால் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பட்டம். பருவத்துக்கு 22 கிரெடிட் வீதம் எட்டுப் பருவத்துக்கு 176. மூன்றாம் பருவத்திலிருந்து, தொழில் பயிற்சி, திட்டப்பணி, சமூகப் பணி என்று ஏதாவது ஒன்றை இரண்டு கிரெடிட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கிரெடிட் என்றால் அறுபது மணி நேரம். ஆக, தொண்டுக்கும் மணிக்கணக்கு வந்துவிட்டது.

தொண்டைக் கணக்கில் எழுதுவது புதிதல்ல. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கியது. அதிலும் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டுக்கு 240 என்று வைத்திருக்கிறார்கள். திருச்சியில் நான் படித்தபோது அதில் இருந்தேன். ஒரு கிராமத்தில் முகாம் போட்டுச் சாலை அமைத்தோம். கூடை கூடையாக மண் சுமந்தது இன்னும் தோளில் நினைவிருக்கிறது. ஐப்பசி மழையில் அந்தச் சாலை ஏரிக்குள் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும் என்று ஊர்க்காரர் ஒருவரிடமும் நாங்கள் கேட்கவில்லை. சான்றிதழ் மட்டும் பத்திரமாக என் பெட்டியில் இருக்கிறது.

அதனால் என் மகள் 2023-ல், மூன்றாம் பருவத்தில், சமூகப் பணியை எடுக்கப் போகிறேன் என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் சமூகவியல் மாணவி. அந்த அறுபது மணி நேரத்தில் ஆங்கிலமோ கம்ப்யூட்டரோ கற்றுக்கொண்டால் பிழைப்புக்கு ஆகும் என்பது என் கட்சி. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தெரிந்த ஒருவர் சேவை நிறுவனம் நடத்துகிறார். அவரிடம் தொலைபேசியில் பேசி, "குழந்தை வந்து போனதாக ஒரு கடிதம் கிடைக்குமா?" என்று கேட்டேன். கிடைக்கும் என்றார். மகளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒரு கடிதம் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை.

அவள் போனது மதராசி கேம்ப். ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா சாக்கடைக் கரையில் இருந்த நம்மவர் குடியிருப்பு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருந்தவர்கள், பெரும்பாலும் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள். பெண்கள் சுற்றுவட்டாரத்தில் வீட்டு வேலை செய்தார்கள். பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். நாமும் தமிழர், அவர்களும் தமிழர். நான் தில்லிக்கு வந்து முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும், அந்தச் சந்துக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போது மாரியம்மன் திருவிழாவின் மேளச் சத்தம் கேட்டு, "அட, நம்ம ஊர் மேளம்" என்று சந்தோஷப்பட்டதோடு சரி.

கல்லூரியில் அச்சடித்த கேள்வித்தாள் கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் என்ன, கழிப்பறை உண்டா, குழந்தைகள் எதுவரை படித்திருக்கிறார்கள் என்று நாற்பது கேள்விகள். தமிழ் தெரிந்தவள் என்பதால் குழுவில் இவள்தான் முன்னே போக வேண்டியிருந்தது. சின்னசேலத்துக்காரப் பெண்மணி ஒருவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டாராம்: "எழுதினு போற, சரி. முன்னாடியும் வந்து எழுதினு போனாங்க. அத வெச்சு என்னா பண்ணுவீங்க பாப்பா?" இவளுக்குப் பதில் தெரியவில்லை. "மார்க் போடுவாங்க அக்கா" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அறிக்கை நன்றாகவே வந்தது. படங்கள், வட்ட வரைபடங்கள், ஸ்பைரல் பைண்டிங். நல்ல மதிப்பெண். ஒரு பிரதி கல்லூரி அலமாரிக்குப் போனது, ஒரு பிரதி எங்கள் வீட்டு அலமாரிக்கு. அந்தச் சந்துக்கு ஒரு பிரதியும் போகவில்லை. போயிருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்ததை அங்கே யார் படிப்பது?

பிறகு நடந்ததை நீங்களும் செய்தியில் படித்திருப்பீர்கள். மழைக்காலத்தில் சாக்கடை வழிந்து வெள்ளம் வருகிறது, தூர் வார வேண்டும், அதற்குக் கரையைக் காலி செய்ய வேண்டும் என்று வழக்கு நடந்தது. 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 1-ம் தேதி குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கு மட்டும் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று முதலில் பட்டியல் வந்தது. அந்த வீடுகள் நரேலாவில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி. காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியவருக்கு நரேலாவில் வீடு கிடைப்பது பாதி கிடைத்த மாதிரிதான். மற்றவர்களுக்கு அந்தப் பாதியும் இல்லை.

தகுதி எப்படிப் பார்த்தார்கள்? தில்லி அரசின் 2015-ம் ஆண்டுக் கொள்கைப்படி, 2015 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே குடியிருந்ததற்கு ஆவணம் வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்களுக்குத் தனிச் சங்கடம். நம் பெயருக்கு முன்னால் இனிஷியல், இங்கே கேட்பதோ குடும்பப் பெயர். ரேஷன் அட்டையில் செல்வி. வாக்காளர் அட்டையில் ஹிந்திக்காரர் காதில் விழுந்தபடி ஷெல்வி. ஆதாரில் யாரோ ஒரு புண்ணியவான் மரியாதையாகச் சேர்த்த செல்வி தேவி. மூன்றும் ஒரே ஆள் என்று அந்த ஆள்தான் நிரூபிக்க வேண்டும். குமாஸ்தாவாக முப்பது வருடம் கோப்பு புரட்டியவன் நான். ஒரு எழுத்து மாறினால் கோப்பு எந்த மேஜையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும்.

இடிபட்ட வாரத்தில் ஒரு ராத்திரி, மகள் அந்த ஸ்பைரல் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது கேள்வியில் ஒன்றுகூட, "உங்களிடம் என்னென்ன காகிதம் இருக்கிறது, அதில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது?" என்று கேட்கவில்லை. "கேட்டிருந்தா ஒண்ணரை வருஷம் டைம் இருந்திருக்கும்பா. எவ்வளவோ பேருக்குத் திருத்திக் கொடுத்திருக்கலாம்" என்றாள். எத்தனை பேருக்கு அது உதவியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. காகிதமே இல்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எழுத்துப் பிழையால் நின்றுபோனவர்களுக்கு ஆகியிருக்கலாம். கழிப்பறைக் கணக்கு எடுத்த நேரத்தில் அதையும் எடுத்திருக்க முடியும்.

என் கட்சி மாறியது அன்றைக்குத்தான். பாடத்திட்டத்தில் சமூகப் பணி ஒரு கட்டம், ஆய்வு வேறொரு கட்டம். முன்னதற்கு மணிக்கணக்கு, பின்னதற்குப் பக்கக் கணக்கு. பாத்திரம் தேய்க்கிற அம்மாளின் வாசலில் நிற்கும்போது இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஆராயாமல் செய்த தொண்டு, ஏரிக்குள் போன எங்கள் சாலை. தொண்டு இல்லாத ஆய்வு எங்கள் அலமாரியில் இருக்கிறது. கேள்வியை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கல்லூரி முப்பது கேள்வி வைக்கட்டும், பத்துக் கேள்வியை அந்தச் சந்துக்காரர்கள் வைக்கட்டும். அப்படி எழுதிய ஆய்வேட்டின் தரம் குறைந்துவிடும் என்று ஒரு பேராசிரியரும் சொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன்.

நான்காம் ஆண்டு வீண் செலவு என்பவர்களோடு நான் முழுக்கச் சண்டை போட மாட்டேன். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் இன்னும் ஒரு வருடத்துக்கு. வங்கித் தேர்வு எழுத நினைக்கிற பிள்ளைக்கு அது ஒரு வருடத் தாமதம். வழிகாட்ட ஆளில்லாத கல்லூரியில் ஆய்வேடு என்றால் பழைய ஆய்வேட்டைத் திருப்பி எழுதுவதாகத்தான் முடியும். ஆனால் மனமும் ஓரளவு வசதியும் உள்ள பிள்ளையை நாமே இழுத்துப் பிடிக்க வேண்டாம். என் மகள் 2025-ல் நான்காம் ஆண்டில் சேர்ந்தாள். நரேலாவுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் பழைய தமிழ்ப் பள்ளிக்கு எப்படிப் போய்வருகிறார்கள், எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்பதுதான் எடுத்துக்கொண்ட பொருள். முதல் முறை போகும்போது கேள்வித்தாள் கொண்டுபோகவில்லை. வெறும் நோட்டுதான். டீ போட்டுக் கொடுத்த சின்னசேலத்து அம்மாளைத் தேடினாள். அவர் நரேலாவில் இல்லை. ஊருக்கே திரும்பிவிட்டார் என்றார்கள் சிலர், இல்லை, வேறொரு இடத்தில் வாடகைக்கு இருக்கிறார் என்றார்கள் சிலர்.

நம் சங்கத்திடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். ஆனர்ஸ் படிக்கும் நம் பிள்ளைகள் எழுதும் திட்ட அறிக்கை, ஆய்வேடு எதுவானாலும், பெயர்களை மறைத்து, தமிழில் இரண்டு பக்கச் சுருக்கத்தோடு ஒரு பிரதி நம் நூலகத்தில் வைக்கப்பட வேண்டும். தமிழ் எழுத வராத பிள்ளை சொல்லட்டும், பெற்றோர் எழுதட்டும். அந்தச் சாக்கில் வீட்டில் கொஞ்சம் தமிழும் நடக்கும்.

இரண்டாவது இன்னும் எளிது. சங்கத்துக் கீழ் அறை ஞாயிறு காலையில் காலியாகத்தான் கிடக்கிறது. ஒரு மேஜை, நான்கு நாற்காலி போதும். ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருத்தப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு அறுபது மணி நேரம் இங்கேயே கிடைக்கும். படிவங்களோடு பழகிய என் போன்ற ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறோம். நான் என் மூக்குக் கண்ணாடியோடு பத்து மணிக்கு வந்துவிடுகிறேன். செயற்குழு சாவியை மட்டும் கொடுத்தால் போதும்.