ஒட்டுண்ணியின் ஆக்டின் நம்முடையது அன்று

உயிரணுச் சட்டகத்தைத் தாக்கி ஒட்டுண்ணியைக் கொல்ல முடியாது என்ற கருத்து இன்றும் பரவலாக இருக்கிறது. அந்தச் சட்டகத்தைக் கட்டும் ஆக்டினும் டியூபுலினும் ஈஸ்ட் முதல் மனிதன் வரை அதிகம் மாறாமல் வந்த புரதங்கள், ஆகவே ஒட்டுண்ணிக்கு நஞ்சாவது நோயாளிக்கும் நஞ்சாகும் என்பது அதன் அடிப்படை. காலா அசார் நோயைத் தரும் லீஷ்மேனியா டோனோவானியை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 1903இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் நோயாளிகளின் மண்ணீரல் மாதிரிகளில் கண்ட உயிரி அது. அதன் ஆக்டினைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதியும் இந்திய ஆய்வகங்கள் தந்ததே. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் சி.எம்.குப்தாவின் குழு தொடங்கிய பணி, அவர் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஐபிஏபி நிறுவனத்துக்கு வந்தபின்பும் தொடர்ந்தது.

முதலில் ஒற்றுமை என்ற வாதம். லீஷ்மேனியா ஆக்டினின் அமினோ அமில வரிசை மற்ற ஆக்டின்களோடு ஏறத்தாழ 70 விழுக்காடு ஒத்துப்போவது உண்மை. ஆனால் மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தை மாற்ற எஞ்சிய 30 விழுக்காடு தாராளமாகப் போதும். பேலாய்டின் என்னும் காளான் நஞ்சு நம் ஆக்டின் இழைகளை இறுகப் பற்றும். ஆக்டினுக்குச் சாயமேற்ற ஆய்வகங்கள் நம்பியிருப்பதும் அதைத்தான். லீஷ்மேனியாவின் ஆக்டினில் அது ஒட்டுவதே இல்லை. டியூபுலினிலும் இதே கதைதான். செங்காந்தளில் உள்ள கொல்சிசின் நம் டியூபுலினை முடக்குகிறது, லீஷ்மேனியாவை அதிகம் அசைப்பதில்லை. ஒரிசலின் என்ற களைக்கொல்லியை ஒட்டி உருவாக்கிய சேர்மங்களோ பாலூட்டிகளின் டியூபுலினைவிட லீஷ்மேனியாவின் டியூபுலினையே வலுவாகத் தடுத்தன. இது சோதனைக்குழாயோடு நிற்கும் செய்தியும் அன்று. பள்ளிகளில் குழந்தைகளுக்குக் குடற்புழு நீக்கத் தரும் ஆல்பெண்டசோல் புழுவின் டியூபுலினைத் தாக்கும் மருந்து. ஒற்றைச்செல் ஒட்டுண்ணியான ஜியார்டியாவையும் அது கட்டுப்படுத்துகிறது. கோடிக்கணக்கான குழந்தைகள் அதை விழுங்கி நலமாகவே இருக்கிறார்கள்.

லீஷ்மேனியாவின் வடிவம் முழுக்கச் சவ்வுக்கு அடியில் வரிசையாய் நிற்கும், டியூபுலினால் ஆன நுண்குழல்களின் வேலை, ஆக்டினுக்கு அங்கே பங்கில்லை என்பது இரண்டாவது வாதம். பேலாய்டின் ஒட்டாத ஆக்டினைப் பார்ப்பதே கடினமாக இருந்த நாட்களின் எச்சம் இது. குப்தாவின் குழு, ஆக்டின் இழைகளைக் கலைத்துப் புதுப்பிக்கும் ஏடிஎஃப்/கோஃபிலின் புரதத்தின் மரபணுவை நீக்கிப் பார்த்தது. ஒட்டுண்ணி குட்டையாகிக் கசையிழை குறுகியது, நீந்தும் ஆற்றலும் போயிற்று. மரபணுவைத் திரும்பக் கொடுத்ததும் அவை மீண்டன. ஆக்டினோடு இணையும் கொரோனினைக் குறைத்தபோது கண்டது இன்னும் வியப்பானது. செல் பிரியும்போது நுண்குழல்கள் நிற்க வேண்டிய முனையில் நிற்காமல் எதிர்ப்புறமாக நீண்டு, இருமுனைச் செல்கள் உருவாயின. நுண்குழல்களையே நெறிப்படுத்தும் ஒன்றைப் பங்கில்லாதது என்று எப்படிச் சொல்வது?

இதற்கு எதிராக வலுவான கேள்வி ஒன்று உண்டு. மனித உடலில், மேக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்லுக்குள் வாழும் வடிவத்துக்குக் கசையிழை வெளியே நீள்வதே இல்லை. அப்படியிருக்க, கசையிழையைக் குலைப்பதால் நோயாளிக்கு என்ன பயன்? நியாயமான கேள்வி. ஆனால் ஏடிஎஃப்/கோஃபிலின் மரபணு நீங்கியதால் செல் பிரிவும் தாமதமானது. பிரிந்து பெருகாமல் மேக்ரோபேஜுக்குள்ளும் பிழைப்பில்லை. உறவுக்கார ஒட்டுண்ணியான டிரிப்பனோசோமா புரூசி, ஈயின் உடலில் ஆக்டின் இல்லாமலே சமாளிக்கிறது. மனித இரத்தத்தில் வாழும் வடிவமோ ஆக்டின் குறைந்தால் மடிகிறது. இந்தப் புரதங்களைக் குறிவைத்து லீஷ்மேனியாவுக்கு இன்னும் மருந்து வரவில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. வராமல் இருப்பது வேறு, வரவே முடியாது என்பது வேறு.

காலா அசார்தான் குறைந்துவிட்டதே என்பவர்கள் பீகாரை நினைத்துப் பார்க்க வேண்டும். பல பத்தாண்டுகள் கைகொடுத்த ஆன்டிமனி மருந்து அங்கே பெருமளவில் பயனற்றுப் போனது. காய்ச்சல் ஆறியபின் தோலில் தங்கிவிடும் ஒட்டுண்ணி மணல் ஈக்கள் வழியே மீண்டும் பரவக்கூடியது. கையிலுள்ள மருந்துகளோ மிகச் சில. அடுத்த மருந்தைத் தேடுவோர் ஏடிஎஃப்/கோஃபிலினையும் கொரோனினையும் இலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அந்த ஆய்வுகளுக்கு நிதியும் ஒதுக்க வேண்டும்.