கொசுவின் பிறந்தகம்

படப்பையில் எவருக்கேனும் ஜுரம் கண்டால், சாக்கடையைப் பழிப்பதும் பஞ்சாயத்தாரைக் குறை கூறுவதும் நமக்கு வழக்கம். நாற்றமே நோய்க்குக் காரணம் என்று முற்காலத்தார் எண்ணினர். மலேரியா என்னும் பெயருக்கே 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி ஸிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் வைத்தியர், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கெட்ட காற்றின் மீதிருந்த பழி நீங்கியது.

ஆயினும் நாம் பழைய எண்ணத்தை விட்டோமில்லை. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. தெளிந்த ஜலத்தையே விரும்புவது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும், பூந்தொட்டியின் அடித்தட்டும், தொழிற்சாலை ஓரத்துப் பழைய டயருமே அது பிரசவத்துக்கு வரும் பிறந்தகங்கள். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஜலத்தைக் கொட்டிவிட்டாலும், உட்புறத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தபடியே பல மாதம் உயிர் தரித்திருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை கொட்டுவதோடு நில்லாமல், நன்றாகத் தேய்த்துக் கழுவுதலும் மூடி வைத்தலும் வேண்டும்.

தேசத்தை ஆளும் உரிமையை 1947-இல் பெற்றோம். நம் முற்றத்துத் தொட்டியை ஆள்வதற்குமா பிறர் வரவேண்டும்?