உழுதவன் கணக்குப் பார்க்கட்டும்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆதலால் உழவன் கணக்கே பார்க்கலாகாது என்று அதற்குப் பொருள் கொண்டவர் பலர். நான் மாறாகக் கருதுகிறேன். மிஞ்சாது என்று அஞ்சும் தொழிலுக்குத்தான் முதலில் கணக்கு வேண்டும்.

பட்டம் பெற்றபின் ஊருக்குத் திரும்பி, இரண்டு ஏக்கரில் பயிரும் மாடும் கோழியுமாக வாழலாம் என்று நண்பர்கள் பலர் பேசக் கேட்கிறேன். நல்ல எண்ணந்தான். ஆனால் திட்டம் என்ன என்று கேட்டால் கிணறு, மோட்டார், வேலி, கொட்டகை என்று அடுக்கி அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அது தொடங்கும் செலவு மட்டுமே. நடத்தும் செலவு எங்கே? முதல் வருமானம் வரும்வரை வீட்டில் அடுப்பெரிய வழி என்ன?

கணக்கேட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது பணமன்று, காலம். கீரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் கைக்கு வரும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 முருங்கை சுமார் 6 மாதத்தில் காய்க்கும். வாழைக்கு ஏறத்தாழ ஓராண்டு. நெட்டைத் தென்னையோ 6, 7 ஆண்டுகள் காக்க வைக்கும். கறவை மாட்டையும் கன்று ஈனுமுன் 2 மாதம் பால் வற்ற விடவேண்டும். அந்நாளிலும் அது தீவனம் தின்னும். ஆகவே தென்னை நடுபவன் கீரையும் விதைக்க வேண்டும். கையிருப்பு முழுவதையும் ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிவிடாமல், ஓராண்டுச் சாப்பாட்டுச் செலவைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாம் பக்கம் தேய்மானத்திற்கு. தமிழ்நாட்டில் உழவர்களின் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவது இலவசமன்று. 30,000 ரூபாய் மோட்டார் 10 ஆண்டு உழைக்கும் என்று கொண்டால், ஆண்டுக்கு 3,000 ரூபாய் செலவாகிவிட்டது என்றே எழுதவேண்டும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியில்லை. அந்தப் பணத்தைக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் எடுத்தால் தவணை தவறும், சலுகையும் போகும். வீட்டுக் கணக்கும் காட்டுக் கணக்கும் வெவ்வேறாக இருக்க வேண்டுவது இதனாலேயே.

மூன்றாம் பக்கந்தான் யாரும் எழுதாத பக்கம். அது வீட்டாரின் உழைப்பு. ஒரு தாய் சாணம் அள்ளி, புல் அறுத்து, பால் கறக்க நாளுக்கு 3 மணி நேரம் செலவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,095 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 137 நாள் கூலி! இதைச் செலவில் சேர்க்காமல் "மாட்டில் லாபம்" என்று சொல்வோமாயின், அந்த லாபம் அவள் கூலியன்றி வேறென்ன?

மத்திய அரசின் வேளாண் செலவு, விலை ஆணையம் இவ்வுழைப்பை மறக்கவில்லை. கைச்செலவை ஏ2 என்றும், குடும்ப உழைப்பை எஃப்.எல். என்றும் குறிக்கிறது. சொந்த நிலத்தின் வாடகையையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்தால் சி2. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம் 2006-இல், உற்பத்திச் செலவுக்கு மேல் 50 விழுக்காடாவது விலை வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்தச் செலவுக்கு மேல் என்பதே இன்றைய வழக்கு. உழவர் சங்கங்கள் சி2 கேட்கின்றன. தன் செலவைத் தானே அறியாத உழவன் அவ்வழக்கில் எந்தச் சான்றைக் காட்டுவான்?

கணக்குப் பார்த்தால் ஊருக்குத் திரும்பும் ஆசையே போய்விடும் என்பர் சிலர். போகுமானால் கடன்படுமுன் போகட்டும். இரண்டு மாடு என்ற திட்டம் ஒரு மாடாகச் சுருங்கினாலும் அது தோல்வியன்று.

நண்பர்களே, நாம் வகுப்பில் படிக்கும் பொருளியல் தேர்வுத் தாளோடு முடியவேண்டியதில்லை. இந்த விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டுடன் வீட்டுத் திண்ணையில் அமருங்கள். அப்பாவிடம் செலவைக் கேளுங்கள். அம்மாவிடம் நேரத்தைக் கேளுங்கள். உழக்கு மிஞ்சாவிட்டாலும், அது எங்கே போயிற்று என்பதாவது தெரியட்டும்.