எத்தனை டிக்கெட் விற்றீர்கள்?

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் வாரியம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பு. அந்த ஒட்டுறவில், சென்னை ரசிகன் ஒருவன் தங்களிடம் ஒரு கணக்குக் கேட்க வந்திருக்கிறேன். பெரிய கணக்கெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோனதைப் பத்திரிகையில் படித்தோம். நான் கேட்பது சின்னக் கணக்கு. ஒரு மேட்சுக்கு மைதானத்தில் இருக்கும் இருக்கைகளில், சாதாரண ஜனம் வாங்கும்படி விற்பனைக்கு வந்தவை எத்தனை?

சுமார் 38,000 பேர் அமரக்கூடிய சேப்பாக்கம் மைதானத்தில் ஊரே உட்கார முடியாது. கேட்ட எல்லோருக்கும் டிக்கெட் கிடைக்காது என்பது எங்களுக்குப் புரியாத விஷயமில்லை. ஆனால் கிடைக்காமல் போனதற்குக் காரணம் கூட்டமா, கோட்டாவா என்று யாருமே சொல்வதில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

விற்பனை நாளன்று எங்கள் பாடு இதுதான். அறிவித்த நேரத்துக்கு அரை மணி முன்பே செயலியைத் திறந்து, யுபிஐ கணக்கில் பணம் போட்டு வைத்து, ஆபீஸ் மீட்டிங்கில் மேசைக்கு அடியில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உங்களுக்கு முன்னால் வரிசையில் லட்சம் பேர் என்று திரை சொல்லும். நம் முறை வரும்போது மைதானப் படத்தில் சி, டி, இ ஸ்டாண்டுகளின் கீழ்த்தளம், அதாவது 2025 சீசனில் 1,700 ரூபாய்க்குக் கிடைத்த இடம், சாம்பல் நிறமாகியிருக்கும். மிச்சமிருப்பது நாலாயிரம், ஏழாயிரத்து ஐந்நூறு. யோசிப்பதற்குள் அதுவும் போய்விடும். அன்று சாயங்காலமே அந்தக் கீழ்த்தள டிக்கெட், பல மடங்கு விலையில், ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் கூவிக்கூவி விற்கப்படும். எங்கள் கைக்கு எட்டாதது அவர்கள் கைக்கு எந்த வழியில் போனது?

இந்தக் கேள்விக்கான விடையில் பாதி உங்கள் விதிப் புத்தகத்திலேயே இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு 2018-ல் வந்த வாரிய விதிகள், 90 சதவீத டிக்கெட்டுகள் பொதுமக்களுக்குப் போக வேண்டும், இலவச டிக்கெட் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டன. அந்த ஆண்டே என்ன நடந்தது? இந்தியா-மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டம் ஒன்று இந்தூரிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு மாறியது. மழையோ ஆடுகளமோ காரணமில்லை. ஓசி பாஸை வாரியமும் மாநிலச் சங்கமும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்பதில் தகராறு. பாஸுக்காக ஒரு சர்வதேச ஆட்டத்தையே ஊர் மாற்ற முடிந்திருக்கிறது. அந்தப் பத்து சதவீதம் ஒவ்வொரு மேட்சிலும் எங்கே போனது, மீதித் தொண்ணூறில் ஸ்பான்சர்களுக்கும் கிளப்புகளுக்கும் மொத்தமாக எடுத்து வைத்தது எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்ல மட்டும் வழியில்லையா?

2023 உலகக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். அக்டோபர் 5 தொடங்க வேண்டிய போட்டிக்கு அட்டவணை வந்ததே ஜூன் 27-ல். ஆகஸ்டில் ஒன்பது ஆட்டங்களின் தேதி மாறியது. டிக்கெட் விற்பனை ஆகஸ்ட் 25-ல்தான் தொடங்கியது. இந்தியா ஆடும் மேட்சுகளுக்கு மணிக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ‘சோல்ட் அவுட்’. நாடு முழுக்கத் திட்டு விழுந்ததும், செப்டம்பரில் இன்னும் நான்கு லட்சம் டிக்கெட் விடுவதாக வாரியம் அறிவித்தது. நல்லது. ஆனால் அதுவரை அந்த நான்கு லட்சமும் யார் பெட்டியில் இருந்தன? ஈடன் கார்டன்ஸில் இந்தியா-தென்னாப்பிரிக்கா ஆட்டத்தின் டிக்கெட் பிளாக்கில் போன விவகாரத்தில், கொல்கத்தா போலீஸ் அன்றைய வாரியத் தலைவருக்கே நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது. கணக்கு முன்பே வெளியில் இருந்திருந்தால் போலீஸுக்கு அங்கே என்ன வேலை?

கணக்கை மறைப்பதால் நஷ்டம் மனசுக்கு மட்டுமில்லை. 2022 செப்டம்பரில் ஹைதராபாத் ஜிம்கானா மைதானத்தில், இந்தியா-ஆஸ்திரேலியா டி20 டிக்கெட் வாங்க வந்த கூட்டம் நெரிசலாகி, தடியடி நடந்து, பலர் காயப்பட்டார்கள். கவுன்டரில் இருப்பது எத்தனை டிக்கெட் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தால், தனக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று கடைசியில் நின்றவனுக்கே தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போயிருப்பான்.

டிக்கெட் விலையில் சேரும் வரிக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பது தெரியும். 2025-ல் சேப்பாக்கத்தின் 4,000 ரூபாய் ஐபிஎல் டிக்கெட்டில் அடிப்படை விலை 2,343.75 தான். கேளிக்கை வரி 781.25. இரண்டையும் கூட்டி அதன்மேல் 28 சதவீத ஜிஎஸ்டி, 875 ரூபாய். வரிக்கு வரி! அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் அந்த 28, 40 ஆகிவிட்டது. கேசினோவும் குதிரைப் பந்தயமும் இருக்கும் வரிப் படியில் ஐபிஎல்லும் இருக்கிறது. அதே சமயம், நாடுகள் மோதும் ஆட்டத்தில் 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அந்த விலையில் எத்தனை இருக்கைகளை ஒதுக்குவது என்பது உங்களாலும் மாநிலச் சங்கங்களாலும் முடிவு செய்யக்கூடியது.

எண்ணிக்கையை முன்பே சொல்வது விம்பிள்டன் டென்னிஸில் நடக்கிறது. பெரும்பகுதி டிக்கெட்டுக்குக் குலுக்கல். அன்றன்று வரிசையில் வருபவர்களுக்கு சென்டர் கோர்ட்டில் கடைசி நான்கு நாள் தவிர தினமும் சுமார் 500 இடங்கள், முதலாம் இரண்டாம் கோர்ட்டுகளிலும் அதே அளவு. எண்ணிக்கை எல்லோருக்கும் முன்பே தெரியும். ராத்திரி முழுக்கக் காத்துக்கிடப்பவன் எதற்காகக் கிடக்கிறான் என்று தெரிந்து கிடக்கிறான்.

ஆகவே தங்களிடம் கேட்பது:

ஒன்று, சர்வதேச ஆட்டமானாலும் ஐபிஎல் ஆனாலும், விற்பனை தொடங்கும் முன்பே ஸ்டாண்டு வாரியாகப் பட்டியல் வெளியிடுங்கள். பொதுவிற்பனைக்கு எத்தனை, ஸ்பான்சருக்கு, கிளப்புக்கு, அரசுத் துறைகளுக்கு, இலவசத்துக்கு எத்தனை என்று அதில் இருக்கட்டும். ஆட்டம் முடிந்த ஒரு வாரத்தில் தணிக்கை செய்த கணக்கையும் போடுங்கள்.

இரண்டு, கூட்டம் அலைமோதும் மேட்சுகளுக்கு யார் இணையம் வேகம் என்ற பந்தயத்தை நிறுத்திவிட்டுக் குலுக்கல் வையுங்கள்.

மூன்று, வர முடியாதவர் டிக்கெட்டை வாங்கிய விலைக்கே திருப்பி விற்க அதிகாரபூர்வ வழி செய்யுங்கள். பிளாக்குக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

நான்கு, சேவைக் கட்டணத்தைக் கடைசித் திரையில் சேர்க்காமல் முதலிலேயே விலையோடு காட்டச் சொல்லுங்கள். மேட்ச் ரத்தானால் அதையும் சேர்த்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

இந்த நான்கில் முதலாவதற்குப் பைசா செலவில்லை. புது மென்பொருளும் வேண்டாம். பட்டியல் ஏற்கெனவே யாரோ ஒருவர் கணினியில் இருக்கிறது, இல்லாமல் டிக்கெட் அச்சாகியிருக்காது. அடுத்து சேப்பாக்கத்தில் நடக்கும் சர்வதேச ஆட்டத்துக்கு மட்டுமாவது அதை வெளியிட்டுப் பாருங்கள். அதன்பிறகும் எனக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால், வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொள்கிறேன். உங்களைத் திட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
காசு கொடுத்து மேட்ச் பார்க்க விரும்பும் ரசிகன்,
சென்னை