ரிட்டயர்மென்ட் பணம் யாருடைய பணம்?

வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது கைக்கு வரும் பி.எஃப்., கிராஜுவிட்டி, லீவு சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்து "என் செட்டில்மென்ட்" என்று சொல்கிறோம். முப்பது, முப்பத்தைந்து வருடம் உழைத்துச் சேர்ந்த பணம். அப்படிச் சொல்லிக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் அதை எங்கே போடுவது, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற நேரத்தில் மட்டும் அது மனைவியின் பணம் என்று நினைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். இது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நம் தலைமுறைத் தம்பதிகளில் கணவனைவிட மனைவிக்கு நாலைந்து வயது குறைவாக இருப்பது சாதாரணம். பொதுவாகப் பெண்கள் ஆண்களைவிடச் சில வருடங்கள் கூடுதலாகவும் வாழ்கிறார்கள். கணவர் 60-ல் ரிட்டயர் ஆகும்போது மனைவிக்கு 55 என்றால், அந்த அம்மாள் 90 வயது வரை இருக்கக்கூடும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதாவது 35 வருடம். நாம் ஆபீசுக்குப் போன காலத்துக்குச் சமமான காலம்! அதில் கடைசி எட்டு, பத்து வருடங்கள் அவர் தனியாக இருக்க வாய்ப்பு நிறைய. உடம்பில் தெம்பு குறைந்து, மருந்துச் செலவு கூடி, விலைவாசியும் எங்கோ போயிருக்கும் அந்தப் பத்து வருடங்களுக்குத்தான் இந்தப் பணம் மிகவும் தேவைப்படும். அப்போது நாம் இருக்க மாட்டோம்.

பென்ஷன் இருக்கிறதே என்பார்கள். மத்திய அரசு ஊழியராக இருந்தால் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி. மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம், முதலில் சில வருடங்கள் கூடுதலாக வரலாம் என்றாலும், பிறகு அந்தச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். தனியார் கம்பெனி என்றால் இன்னும் மோசம். இ.பி.எஸ். திட்டத்தில் 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புக்கு 35 வருடக் கணக்குப் போட்டாலும் ஃபார்முலாப்படி மாதம் 7,500 ரூபாய்தான் வரும். கணவருக்குப் பிறகு மனைவிக்கு அதில் பாதி, 3,750 ரூபாய். வீட்டு வாடகை, கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் எதுவும் பாதியாகக் குறைவதில்லை. ஆள் ஒன்று குறைந்தால் கொஞ்சம் அரிசியும் ஒரு டம்ளர் காப்பியும் குறையும், அவ்வளவுதான்.

அடுத்தது விலைவாசி. வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் 12 வருடத்தில் செலவு இரண்டு மடங்காகிவிடும். இன்று மாதம் 30,000 ரூபாயில் ஓடும் குடித்தனத்துக்கு 12 வருடம் கழித்து 60,000 வேண்டும். 24 வருடம் கழித்து 1,20,000. அப்போது அந்த அம்மாளுக்கு 79 வயது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் முதலீடுகளைப் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2004-ல் 9 சதவீத வட்டியோடு ஆரம்பித்தார்கள். 2023 ஏப்ரலில் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி, வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள். அந்த விகிதத்தில் 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மாதத்துக்கு 20,500. அரசாங்கத் திட்டம், நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கும் அதே 61,500தான். முதிர்ந்த பிறகு நீட்டிக்கும்போது அன்றைக்கு என்ன வட்டியோ அதுதான். வட்டி எப்போதும் இதே மாதிரி இருக்கும் என்று நம்பவும் முடியாது. பி.பி.எஃப்.பில் 1986 முதல் 2000-ம் ஆண்டு ஜனவரி வரை 12 சதவீதம் கொடுத்தார்கள். 2020 ஏப்ரலில் அது 7.1 ஆகிவிட்டது.

ஆகவே வரும் வட்டி முழுவதையும் செலவழிக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஆரம்ப வருடங்களில் நம் கை கால் நன்றாக இருக்கும்போது வட்டியில் ஒரு பகுதியைத் திரும்ப அசலோடு சேர்த்துக்கொண்டே வர வேண்டும். அடுத்த பத்து வருடத்துக்குத் தொடத் தேவைப்படாத பணம் என்று ஒரு சிறு பகுதி இருக்குமானால், அதைச் செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டு ஒன்றில் வைப்பதையும் யோசிக்கலாம். பங்குச் சந்தை என்றாலே சூதாட்டம் என்று ஒதுங்கும் நண்பர்களின் பயம் எனக்குப் புரிகிறது. சந்தை விழும், சில வருடம் எழுந்திருக்காமலும் இருக்கும். அதனால்தான் சிறு பகுதி என்கிறேன். முழுவதையும் எஃப்.டி.யில் போட்டுவிட்டுப் பத்திரமாக இருப்பதாக நினைப்பதும் ஒரு ஆபத்துதான். அந்த ஆபத்து மெதுவாக வருவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அனுபவிக்கப்போவது பின்னால் தனியாக இருக்கப்போகிறவர்.

அதற்காக அதிக வட்டி என்று யாராவது சொன்னால் ஓடிவிடக் கூடாது. 1990-களில் மாதம் 2 சதவீதம், 3 சதவீதம் என்று விளம்பரம் செய்த பைனான்ஸ் கம்பெனிகளின் கதி நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த அமளியில்தான் 1997-ல் தமிழக அரசு டி.என்.பி.ஐ.டி. சட்டத்தையே கொண்டுவந்தது. சட்டம் வந்தும் பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலக வாசலில் வயதானவர்கள் காத்திருப்பது நின்றபாடில்லை. பேங்கில் போட்டாலும் ஒரே பேங்கில் எல்லாவற்றையும் போட வேண்டாம். பேங்க் மூழ்கினால் டெபாசிட் இன்ஷூரன்ஸ் கொடுப்பது ஒருவருக்கு ஒரு பேங்கில், எல்லாக் கிளைகளிலும் இருக்கும் அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைதான். 2020 பிப்ரவரி வரை அதுவும் ஒரு லட்சமாகத்தான் இருந்தது.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள்.

செட்டில்மென்ட் பணம் வந்த ஆறு மாதத்துக்குள் மகன் ஃபிளாட் வாங்க முன்பணம் கேட்பது, மாப்பிள்ளை தொழில் தொடங்குவது எல்லாம் நம் வீடுகளில் நடப்பதுதான். கொடுக்காவிட்டால் மனசு கேட்காது. ஆனால் பிள்ளைக்கு வீட்டுக் கடன் கொடுக்கப் பேங்குகள் போன் மேல் போன் போடுகின்றன. அவனுக்கு அடைக்க இருபது வருடச் சம்பளம் இருக்கிறது. எண்பது வயதுப் பாட்டிக்கு எந்தப் பேங்க் கடன் கொடுக்கும்? நகையைக் கொண்டுபோய் வைத்தால் ஒழிய யாரும் கொடுக்க மாட்டார்கள். மகனுக்குக் கொடுக்கும் ஐந்து லட்சம் உங்கள் பாக்கெட்டிலிருந்து போகிறது என்று நினைக்கிறீர்கள். அது அவன் அம்மாவின் எண்பதாவது வயதிலிருந்து போகிறது. கொடுப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முழுக் கணக்கையும் காட்டி, சம்மதம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் சொல்வது அவ்வளவுதான்.

"அப்படியானால் பிள்ளைகள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். பெரும்பாலானவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சோறு போடுவார்கள், டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். ஆனால் பேத்திக்குப் பிறந்த நாளுக்கு ஒரு பாவாடை எடுத்துக் கொடுக்க, வேலை செய்யும் பெண்ணின் கையில் தீபாவளிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்க, கோயில் தட்டில் போட, ஒவ்வொரு தடவையும் மகனிடம் கை நீட்டுவது வேறு விஷயம். அவன் மனம் கோணாமல் கொடுத்தாலும் கேட்பவருக்குக் கூசும். பெற்றோர் பராமரிப்புக்கு 2007-ல் சட்டம் வந்திருக்கிறது, ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். எந்தத் தாய் போய்க் கொடுப்பாள்?

பணம் இருந்தால் மட்டும் போதாது, அது அவர் கைக்கு எட்டவும் வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு அம்மாளின் கணவர் காலமானபோது டெபாசிட் எல்லாம் அவர் ஒருவர் பெயரிலேயே இருந்தது. நாமினேஷன் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ், பிறகு பேங்க், மறுபடியும் தாலுகா ஆபீஸ் என்று அந்த அம்மாள் மாதக்கணக்கில் அலைந்தார். கணவரின் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் ஓ.டி.பி.யும் வருவது நின்றுபோனது. சொந்தப் பணம், இருந்தும் இல்லாத மாதிரி.

எனவே கணக்குகளை "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்" என்ற முறையில் மனைவியையும் சேர்த்து மாற்றுங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தில் கணவன் மனைவி சேர்ந்து கணக்குத் தொடங்கலாம். இருவருக்கும் 60 ஆகிவிட்டால் தனித்தனியாகவும் தொடங்கலாம். நாமினியைப் பதிவு செய்யுங்கள். ஆனால் நாமினி போட்டதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று இருக்காதீர்கள். பேங்க் டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது. உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் 1956-ம் வருடச் சட்டப்படி அவருடைய தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. தாயும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு வருவது நாலில் ஒரு பங்குதான். உயில் எழுத முத்திரைத் தாள் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டால் செல்லும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது.

"எனக்கு எதுக்கு இதெல்லாம், நீங்களே பாத்துக்கோங்கோ" என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டு நாமும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம், நம்மை விட்டால் ஆளில்லை என்று. மாதச் சம்பளத்தில் மளிகை, பால், ஸ்கூல் பீஸ், சீர் செனத்தி எல்லாம் சமாளித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்களுக்கு எஃப்.டி. ரசீது புரியாதா என்ன? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் விஷயம்.

ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஒரே ஒரு மாதம், பேங்க் வேலை முழுவதையும் வீட்டம்மாவிடம் விட்டுவிடுங்கள். பணம் எடுப்பது, கரண்ட் பில் கட்டுவது, பாஸ்புக் என்ட்ரி போடுவது, டெபாசிட் புதுப்பிப்பது எல்லாம். நீங்கள் கூடப் போகலாம், ஆனால் கவுன்டருக்கு முன்னால் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். எந்த இடத்தில் அவர் தடுமாறுகிறாரோ அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சரி செய்ய வேண்டியது அந்த இடத்தைத்தான்.