யார் சும்மா இருக்கிறார்கள்?

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய், "ஆச்சி என்ன செய்யிறாக?" என்று கேட்டுப் பாருங்கள். "சும்மாதான் இருக்காக" என்று பதில் வரும். கேட்டவரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். அதே நேரம் ஆச்சி உள்ளே வளவில் தூணோரம் உட்கார்ந்து கொட்டான் பின்னிக்கொண்டிருப்பார். ஈரத்துணியில் சுற்றி வைத்த பனங்குருத்தோலை மடியில் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து ஒரே அகலத்துக்கு வகிர்ந்து, ஓரம் பிசிறாமல் மடக்கி, விரல் நுனியால் அழுத்திப் பார்த்து அடுத்ததைக் கோப்பார். பின்னும்போதே அடுப்பில் வைத்த பாலின் மேல் ஒரு காது இருக்கும். இதற்குப் பெயர் சும்மா.

வேலை செய்யாமல் இருப்பதைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எந்தச் சொல் வாயில் வரும் என்பது ஆளைப் பொறுத்தது. அறுபது வயதில் அரசு வேலையை முடித்தவர் 'ஓய்வு' பெற்றவர். முன்னால் வேலை இருந்தது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. அழகப்பாவில் பட்டம் வாங்கிவிட்டு மூன்றாவது முறையாகக் குரூப் 4 எழுதப் படிக்கிற பையனை 'வெட்டியா இருக்கான்' என்கிறோம். அவன் காலை ஐந்து மணிக்கு எழுந்து படிப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. 'சோம்பேறி' என்பது இன்னும் கடுமை. முடிந்தும் செய்யாதவனுக்கு மட்டுமே அது பொருந்தும். வள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரமே வைத்துக் கடிந்ததும் அவனைத்தான். வேலை கிடைக்காதவனையும் உடம்புக்கு முடியாதவனையும் அந்தச் சொல்லால் அடிப்பது அநியாயம். 'வீட்டோட இருக்கு' என்பது பெண்ணுக்கு நற்சான்று, 'வீட்டோட இருக்கான்' என்பது ஆணுக்கு வசை.

நம் ஊர் ஆண்கள் கடல் கடந்து தொழில் செய்ய, அதாவது 'கொண்டுவிக்க'ப் போன காலத்தை எண்ணிப் பார்க்கிறோம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்று ஆண்டுக் கணக்கு. அதை முடித்துக் கப்பலேறி ஊர் திரும்பியவர் மாதக்கணக்கில் முகப்புத் திண்ணையில் சாய்ந்திருந்தாலும் அது இளைப்பாறல்தான். உழைத்துக் களைத்து வந்தவருக்கு அது நியாயமும்கூட. அந்த மூன்று ஆண்டும் வீட்டையும் பிள்ளைகளையும் செய்முறைகளையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்த ஆச்சிக்கு எப்போது கணக்கு முடிந்தது? அவருக்கு ஓய்வும் இல்லை, இளைப்பாறலும் இல்லை. கிடைத்தது 'சும்மா' ஒன்றுதான்.

மனிதர்களிடம் காட்டாத நுணுக்கத்தை நிலத்திடம் காட்டுகிறோம். நம்முடையது கண்மாயையும் மழையையும் நம்பிய மாவட்டம். ஒரு வருடம் விதைக்காமல் விட்டால் அந்த நிலம் அரசுக் கணக்கில் நடப்புத் தரிசு. ஒரு வருடத்தைத் தாண்டி ஐந்து வருடம் வரை வேறு தரிசு. அதற்கும் மேலே போனால் சாகுபடிக்கு உகந்த பாழ்நிலம் என்று தனித் தலைப்பு. வங்கியும் அப்படித்தான். இரண்டு ஆண்டுக்கு மேல் போடுவதும் எடுப்பதும் இல்லையென்றால் அது செயல்படாத கணக்கு. ஆனாலும் சேமிப்புக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பத்து ஆண்டு கேட்பாரில்லாமல் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும், உரியவர் வந்து கேட்டால் திரும்பவும் கிடைக்கும். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கிய அன்றே கிளை திறந்த ஊர் காரைக்குடி. எது முடங்கியது, எது காத்திருக்கிறது என்று பிரித்து எழுதத் தெரிந்த ஊர், தன் வீட்டுப் பெண்களின் பகல்பொழுதை ஒரே சொல்லில் மூடி வைப்பது எங்களுக்கு வலிக்கிறது.

பேச்சோடு நின்றால்கூடப் பரவாயில்லை, அது ஏட்டில் ஏறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் 'பொருளாதாரம் சாராத செயல்' என்று ஒரு கேள்வி. மாணவர், ஓய்வூதியர், வாடகை வருமானத்தில் வாழ்பவர், பிச்சை எடுப்பவர் என்ற வரிசையில்தான் வீட்டு வேலை செய்பவரும் இருந்தார். அதே கணக்கெடுப்பின் விதிப்படி, வீட்டுத் தேவைக்கு மட்டும் மாடு வளர்த்துப் பால் கறந்தாலும் அது வேலை. கறந்த பாலைக் காய்ச்சி, உறைகுத்தி, மோர் கடைந்து பத்துப் பேருக்குப் பரிமாறினால் அது வேலை இல்லை. 2019இல் தேசிய புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க முதன்முறையாக நேரப் பயன்பாட்டைக் கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார், ஈடுபடும் ஆண் 97 நிமிடம். பெண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்கள். தொகை போதாது என்று வாதாடலாம். பெயர் சரியான பெயர்.

2027 கணக்கெடுப்புக்கு நம் வாசலுக்கு ஆள் வரும். இந்த இதழைப் படிக்கிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்: "வீட்டுல சும்மாதான் இருக்காக" என்று சொல்லி அனுப்பாதீர்கள். கொட்டான் பின்னி விற்பது வேலை. முறுக்கும் அதிரசமும் சுட்டு ஆர்டருக்குக் கொடுப்பது வேலை. மாடு வைத்திருப்பது வேலை. மகனின் கடையில் சம்பளம் வாங்காமல் கல்லாவில் உட்காருவதும் வேலை. இவற்றில் எது இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுதுகிறாரா என்றும் பாருங்கள். கணக்கெடுக்க வருகிற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகப்பில் உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளையிடம் பதிலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். ஆச்சியையே கூப்பிடுங்கள். "என்ன வேலை பார்க்கிறீக?" என்று கேட்டால் அவரும் "சும்மாதான் இருக்கேன்" என்றுதான் சொல்வார், அப்படியே பழகிவிட்டது. "காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீக?" என்று கேளுங்கள்.