பழத்தைக் கண்டு பின்வாங்கியவள்

பன்றிக்கு வைத்தோம், யானை கடித்துவிட்டது என்கிறீர்கள். அவ்வளவுதானா? அந்த ஒரு வார்த்தையோடு முடிந்துபோயிற்றா?

நான் மலையடிவாரத்தில் பிறந்தவன். காட்டுக்குக் காவல் போகிற தினக்கூலி. எங்கள் ஆட்கள் யானையை யானை என்று சொல்ல மாட்டார்கள், சாமி என்பார்கள். அப்படி ஒரு பெண் சாமி, வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைக் கடித்து, தாடை பிளந்து, ஓடைத் தண்ணீரில் நின்றதை ஒன்பது நாள் பார்த்தேன். வைத்தவனே, நீ வந்து ஒரே ஒரு நாள் பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீரை விட்டு அவள் ஏறவே இல்லை. ஏறினால் புண்ணில் ஈ மொய்க்கும். கரையில் நின்ற எங்களுக்கே சீழ் நாற்றம் அடித்தது. ஆனால் பசி விடுமா? துதிக்கையால் புல்லைச் சுற்றிப் பிடுங்குவாள். முன்னங்காலில் அடித்து மண்ணை உதறுவாள். வாய்வரை கொண்டுபோவாள். அங்கேயே நிற்கும். பிறகு கீழே போட்டுவிட்டு, அடுத்த பிடியைப் பிடுங்குவாள். அதையும் உதறுவாள். எலும்பே இல்லாத அந்தத் துதிக்கையின் நுனியில் ஆப்பிரிக்க யானைக்கு விரல்போல இரண்டு மடிப்பு, நம் யானைக்கு ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்தே தரையில் கிடக்கும் சின்னக் காயைக்கூடப் பொறுக்கிவிடுவாள். பொறுக்கி எங்கே போட?

ஒரு நாளைக்கு 150 கிலோ தீனி கேட்கிற உடம்பு அது. அரைக்கிற பல் அதற்கு ஆயுளில் ஆறு தடவை வரும். முன்னால் இருப்பது தேயத் தேய, பின்னாலிருந்து அடுத்தது நகர்ந்து வரும். கடைசிப் பல்லும் தேய்ந்த பிறகு, 60 வயதை ஒட்டி, மெல்ல முடியாமல் வற்றிச் சாவது கிழட்டு யானைக்கு விதித்த சாவு. இவளுக்கு 20 வயதுகூட இருக்காது. அந்தச் சாவை இப்போதே எடுத்துக் கொடுக்க நீ யார்?

ஆப்பிரிக்காவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு, இரண்டையும் சுட்டார்கள். அங்குள்ள காட்டு யானை இனம் 2021இல் மிக அருகிய இனப் பட்டியலுக்கே போய்விட்டது. இங்கே வெளியே தெரியும் தந்தம் ஆணுக்கு மட்டும்தான். வீரப்பன் காலத்தில் கொம்பன்கள் விழுந்தபோது, பெண் யானைக்குப் பயமில்லை என்று எங்கள் பெரியவர்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். இன்றைக்கு? அவளிடமிருந்து யாருக்கும் ஒன்றுமே வேண்டாம். ஆனாலும் சாகிறாள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரே திருட்டு மின்வேலியில் மூன்று பெண் யானைகள் கருகின. இரண்டு குட்டிகள் மட்டும் மிஞ்சின. 2021 நவம்பரில் நவக்கரைத் தண்டவாளத்தில் மூன்று. 2020 மே மாதம் மலைக்கு அந்தப் பக்கம், வெள்ளியாற்றில், வாய் வெந்து நின்றபடியே செத்தவளின் வயிற்றில் கரு இருந்தது. நாடே கொதித்தது. எத்தனை நாள் கொதித்தது?

பயிர் போனவன் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாதென்று சொல்லாதே. என் தாய்மாமன் காட்டில் சோளம் ஒரே ராத்திரியில் போயிற்று. விடியவிடியத் தகரத்தைத் தட்டிக்கொண்டே அழுதார். வெடி வைக்கவில்லை. நீ பயிருக்காகக்கூட வைக்கவில்லை, கறிக்காக வைத்தாய்.

மருத்துவர் வந்தார். மயக்க ஊசி போட்டால் திரும்ப எழமாட்டாள், அவ்வளவு வற்றிவிட்டாள் என்றார். வாழைப்பழத்துக்குள் மருந்தைப் புதைத்துக் கரையில் வைத்தோம். துதிக்கை நீண்டு வந்தது. மோந்தாள். காதை விரித்துக்கொண்டு நாலடி பின்னால் போனாள். பழத்தைக் கண்டு ஒரு யானை மிரண்டதை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. நாங்கள் காப்பாற்ற வந்தவர்கள் என்று அவளிடம் எந்த மொழியில் சொல்வது? அவளுக்கு நீயும் மனிதன், நானும் மனிதன்.

கூடவே ஒரு குட்டி. ஒரு வயது இருக்கும். யானைக் குட்டி தாயின் வாய்க்குள் துதிக்கையை விட்டுப் பார்க்கும், எதைத் தின்னலாம் என்று அப்படித்தான் படித்துக்கொள்ளும். எட்டாம் நாளும் அது விட்டுப் பார்த்தது. வலியில் அவள் உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனால் குட்டியைத் தள்ளவில்லை. அது துதிக்கையை மெதுவாக வெளியே எடுத்து, தன் வாயில் வைத்துக்கொண்டு, அப்படியே நின்றது.